குளோரைடு பாவம், விட்டுவிடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். திருப்பூர் பக்கம் ஒரு சின்ன தண்ணீர்ப் பரிசோதனை லேபில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் நொய்யல் ஓரத்துக் கிணறு ஒன்றின் தண்ணீர் வந்தது. லேசான மஞ்சள் நிறம். குளோரைடு 1,850, மொத்தக் கடினத்தன்மை 1,200, காரத்தன்மை 480, எல்லாம் லிட்டருக்கு மி.கி. கணக்கில். சல்பேட்டைக் கலங்கல் முறையில் (பேரியம் போட்டால் வருகிற வெள்ளைக் கலங்கலை வைத்து அளப்பது) பார்த்தேன். 20 மி.லி. எடுத்து 100 ஆக்கி, மற்ற சாம்பிள்களோடு சேர்த்து ஆறு ஃபிளாஸ்க்கிலும் பேரியம் குளோரைடு போட்டுக் கலக்கிவிட்டு, வரிசையாக ரீடிங் எடுத்தேன். முதல் நாள் 342, மறுநாள் 281, அதற்கடுத்த நாள் 405. கிணற்றுக்காரர் அதே தண்ணீரை வேறு லேபில் கொடுத்து, அயனிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கிற அயன் குரோமட்டோகிராபியில் பார்த்ததில் 298 வந்திருக்கிறது. அவர் வீடு கட்டப் போகிறார். 400ஐத் தாண்டினால் இந்தத் தண்ணீர் ஆகாது என்று அவருடைய என்ஜினியர் சொல்லிவிட்டாராம். இப்போது எங்கள் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். குளோரைடும் பைகார்பனேட்டும் இவ்வளவு இருப்பதால்தான் எண் இப்படி ஆடுகிறது என்று நினைக்கிறேன். சில்வர் நைட்ரேட் போட்டு குளோரைடை முதலிலேயே எடுத்துவிடலாமா? எங்கள் மேக்னடிக் ஸ்டிரர் வேறு ரிப்பேர், கண்ணாடிக் குச்சியால்தான் கலக்குகிறேன்.

பதில்:

முதலில் அந்த சில்வர் நைட்ரேட் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. படிக்கிற காலத்தில் நானும் வாத்தியாரிடம் இதையே கேட்டேன். அவர், "செய்து பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உப்புத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைத் தாராளமாக விட்டேன். குளோரைடு தயிர் மாதிரி திரண்டு இறங்கியது. வடிகட்டினேன், தண்ணீர் பளிங்காக வந்தது. சந்தோஷமாக, பேரியத்துக்கு முன்னால் விடுகிற கண்டிஷனிங் ரீஏஜென்ட்டை ஊற்றினேன். பளிங்கு பாலாகிவிட்டது. பேரியத்தை நான் இன்னும் தொடவே இல்லை! ரீஏஜென்ட்டில் இருக்கிற உப்பும் அமிலமும் குளோரைடுதானே, வடிநீரில் மிச்சம் நின்ற வெள்ளி அதைப் பிடித்துக்கொண்டது. கருவிக்கு வெள்ளிக் குளோரைடு, பேரியம் சல்பேட் என்ற பேதம் தெரியாது. கலங்கல் என்றால் அதற்கு எல்லாம் சல்பேட்தான். வெள்ளி விற்கிற விலையில் காசு கொடுத்து வாங்கிய தவறு அது.

அதைவிட முக்கியம், குளோரைடு உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எந்த ரீஏஜென்ட் பயன்படுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து லேப்களில் பெரும்பாலும் பழைய கலவைதான்: கிளிசரால் 50 மி.லி., அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 30, ஆல்கஹால் 100, வாலைவடிநீர் 300, அதில் சோடியம் குளோரைடு 75 கிராம். இதில் 5 மி.லி.யை 100 மி.லி. சாம்பிளுக்கு விடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிராம் உப்பு ஏறத்தாழ அரை லிட்டரில் இருக்கிறது, 5 மி.லி.யில் முக்கால் கிராம் வரும். அதாவது அந்த உப்பிலிருந்து மட்டும் லிட்டருக்கு சுமார் 4,500 மி.கி. குளோரைடை நீங்களே ஃபிளாஸ்க்கில் கொட்டுகிறீர்கள். கிணற்றுத் தண்ணீரை ஐந்து மடங்கு நீர்த்த பிறகு அதிலிருந்து வருவது 370. பந்தி முழுக்கச் சோறு போட்டுவிட்டு, விருந்தாளி கையில் இருக்கிற தூக்குச்சட்டியைக் குறை சொல்கிற மாதிரிதான் இது.

அந்த உப்பை வேண்டுமென்றேதான் போடுகிறோம். ஒவ்வொரு தண்ணீரிலும் உப்பு ஒவ்வொரு அளவு இருக்கும், வீழ்படிவு விழுகிற விதம் அதற்கேற்ப மாறும். எல்லா ஃபிளாஸ்க்கிலும், அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலிலும்கூட, ஒரே மாதிரி நிறைய உப்பு இருந்துவிட்டால் கிணற்றுக்குக் கிணறு இருக்கிற வித்தியாசம் அதில் அமுங்கிப்போகும். கிளிசரால் துகள்கள் சீக்கிரம் அடியில் உட்காராமல் பிடித்து வைக்கும். ஆல்கஹால், பேரியம் சல்பேட் கரைவதை இன்னும் குறைக்கும். இதில் ஒரே எச்சரிக்கை, ரீஏஜென்ட்டுக்குப் போடுகிற உப்பிலேயே கொஞ்சம் சல்பேட் கலந்திருக்கலாம். அதனால் ரீஏஜென்ட் பிளாங்க்கை, அதாவது சாம்பிள் இல்லாமல் எடுக்கிற ரீடிங்கை, ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

சரி, பைகார்பனேட்டுக்கு வருவோம். உங்கள் சந்தேகத்தில் அடிப்படை இருக்கிறது. பேரியம் சல்பேட்டை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆள் இல்லை. கார்பனேட், பாஸ்பேட், சல்பைட், குரோமேட் எது வந்தாலும் கரையாத உப்பாக இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் அமிலம் போடுகிறோம். அமிலத்தில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். பாஸ்பேட் ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டு பேரியத்தோடு சேராத வடிவத்துக்குப் போய்விடும். குரோமேட் டைகுரோமேட்டாக மாறிக் கரைசலிலேயே நிற்கும். சல்பேட் மட்டும் அசையாது, அது வலுவான அமிலத்தின் அயனி. நம் கிணற்றுத் தண்ணீரில் வழக்கமாக இருக்கிற எதிரயனிகளில் இந்த அமிலத்தையும் தாண்டி பேரியத்தோடு இறங்குவது அது ஒன்றுதான். அயனிகளைப் பிரிக்கிற வேலையை முக்கால்வாசி அமிலமே முடித்துவிடுகிறது, நாம் தனியாக எதையும் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் தண்ணீருக்கு அந்த அமிலம் போதுமா? காரத்தன்மை 480 என்றால் லிட்டருக்கு 9.6 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளை ஒன்றுக்கொன்று ஈடாக எண்ணுகிற அலகு). ஐந்து மடங்கு நீர்த்து 100 மி.லி. எடுத்தால் அதில் 0.19 மட்டும். 5 மி.லி. ரீஏஜென்ட்டில் இருக்கிற அமிலம் சுமார் 3.6. ஏறத்தாழ 18 மடங்கு. ஆகவே பைகார்பனேட்டும் குற்றவாளி இல்லை. இதே கணக்கைச் சாயப்பட்டறைத் தொட்டித் தண்ணீருக்குப் போட்டால் கதை வேறு. சோடா ஆஷ் போட்ட சாயக் குளியலில் காரத்தன்மை 3,000ஐத் தொட்டுவிட்டால், நீர்க்காமல் எடுத்த 100 மி.லி.க்கு 6 வேண்டும், அமிலம் பாதி வழியில் தீர்ந்துவிடும். பேரியம் கார்பனேட் தாராளமாக விழும், நீங்களும் அதைச் சல்பேட் என்று எழுதிக் கொடுப்பீர்கள். அந்த மாதிரி சாம்பிளில் ரீஏஜென்ட் விட்ட பிறகு ஒரு சொட்டை பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். தாள் நன்றாகச் சிவக்கவில்லை என்றால் பேரியம் போடாதீர்கள்.

கடினத்தன்மையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கால்சியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம் வரை கரையும், உங்கள் ஃபிளாஸ்க்கில் அது இறங்க வாய்ப்பில்லை. பேரியத்தை மிகையாகப் போட்டு மிச்சத்தை, உலோக அயனிகளைப் பிடிக்கிற ஈடிடிஏவால் டைட்ரேட் செய்கிற முறையில்தான் கால்சியமும் மெக்னீசியமும் தொந்தரவு, அங்கே கடினத்தன்மையைக் கழித்தாக வேண்டும். 1,200 கடினத்தன்மை உள்ள தண்ணீருக்கு அந்த முறையை நான் எடுக்கவே மாட்டேன். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து ஒரு சின்ன எண்ணைத் தேடுகிற வேலை அது.

அப்படியானால் எண் ஏன் ஆடியது? பதில் உங்கள் கடிதத்திலேயே மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று, 20 மி.லி.யை 100 ஆக்கியது. உண்மை அளவு 298 என்றே வைத்துக்கொள்வோம், உங்கள் ஃபிளாஸ்க்கில் 60 இருந்திருக்கும். 405 வந்த நாளில் கருவி காட்டியது 81. இந்த முறை ஒழுங்காக நடப்பது 40 வரைதான். அதற்கு மேலே போனால் துல்லியம் குறையும், 50ஐத் தாண்டினால் தொங்கல் நிலைத்து நிற்காமல் துகள்கள் ஒட்டிக்கொண்டு இறங்க ஆரம்பிக்கும். உங்கள் ஸ்டாண்டர்டு கோடு 40 வரை போட்டதாகத்தான் இருக்கும். மீதி, கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டி எடுத்த எண்.

இரண்டு, கண்ணாடிக் குச்சி. நீங்கள் அளப்பது சல்பேட்டை இல்லை, சல்பேட் உண்டாக்கிய துகள்கள் மறைக்கிற வெளிச்சத்தை. அதே எடை மாவாக விழுந்தால் ஒரு மறைப்பு, ரவையாக விழுந்தால் வேறு மறைப்பு. மாவா ரவையா என்பது எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் கலக்கினீர்கள், பேரியம் குளோரைடு எந்தப் பருமனில் இருந்தது, தண்ணீர் என்ன சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் 20 முதல் 30 மெஷ் (சல்லடைக் கண் அளவு) படிகம், ஒரே கரண்டி, ஒரே வேகம், 60 விநாடி என்று இவ்வளவு கண்டிப்பு. நான் வேலை பார்த்த ஒரு லேபில் மழைக்காலத்தில் பேரியம் குளோரைடு கட்டிப்பட்டுப் போயிற்று. உதவிக்கு இருந்த பையன் நல்ல எண்ணத்தில் அதை உரலில் போட்டுப் பொடித்து வைத்துவிட்டான். அன்று முதல் எல்லா ரிசல்ட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மூன்று நாள் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தோம். உங்கள் ஸ்டிரர் ரிப்பேராகி வரும்வரை ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேனில் இரண்டு காந்தத் துண்டை ஒட்டிக்கூட சமாளிக்கலாம், வேகம் மாறாமல் சுற்றினால் போதும். மனிதக் கை காலையில் ஒரு வேகம், சாப்பிட்ட பிறகு ஒரு வேகம்.

மூன்றாவதுதான் பெரியது: ஆறு ஃபிளாஸ்க்கிலும் பேரியத்தைப் போட்டு முடித்துவிட்டு வரிசையாகப் படித்தது. கலக்கி நிறுத்தியதும் துகள்கள் வளரும், பிறகு மெல்ல இறங்கத் தொடங்கும். 5 நிமிடத்தில், அரை நிமிடம் முன்பின் இருக்கலாம், 420 நானோமீட்டரில் ரீடிங் எடுக்க வேண்டும். உங்கள் வரிசையில் முதல் ஃபிளாஸ்க்குக்கு ஒரு வயது, ஆறாவது ஃபிளாஸ்க்குக்கு வேறு வயது. நோட்டை எடுத்துப் பாருங்கள்: 342 வந்த அன்று இந்தக் கிணறு வரிசையில் எத்தனாவதாக இருந்தது, 405 வந்த அன்று எத்தனாவது? இடம் மாறியிருந்தால், எண் ஆடிய கதையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். ஒரு ஃபிளாஸ்க், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு ரீடிங். அது முடிந்த பிறகு அடுத்தது. ஆறு சாம்பிளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஸ்டாண்டர்டுகளையும் இதே மாதிரி அன்றன்றைக்கே ஓட்டுங்கள். போன வாரக் கோட்டை இந்த வாரம் பயன்படுத்துகிற முறை இது இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன் என்பதற்காக உங்கள் ஊர்த் தண்ணீரில் குறுக்கீடே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, நீங்கள் சந்தேகப்பட்ட ஆட்கள் அவர்கள் இல்லை என்பதுதான் விஷயம். ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் ஏற்ற சோடியம் குளோரைடோ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ கொட்டுகிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் உப்பைத் திரும்ப எடுக்கிற ஏற்பாடுகள் பலப்பட்டன. ஆனாலும் அதற்கு முன்பு நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்ததை மண் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அந்தப் பக்கத்துச் சாம்பிளில் நான் பார்க்கிற சில விஷயங்கள் உண்டு.

முதலில் நிறம். 420 நானோமீட்டர் நீல ஊதா வெளிச்சம், மஞ்சள் நிறம் அதைத்தான் விழுங்கும். உங்கள் தண்ணீரின் லேசான மஞ்சள் கண்ணுக்கு லேசு, கருவிக்கு லேசு இல்லை. இதற்கு மருந்து சாம்பிள் பிளாங்க்: அதே அளவு நீர்த்த தண்ணீர், அதே ரீஏஜென்ட், பேரியம் மட்டும் கிடையாது. அந்த ரீடிங்கைக் கழித்துவிடுங்கள். ரீஏஜென்ட் விடாமல் வெறும் தண்ணீரைப் பிளாங்க்காக வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது தப்பு. சில சாயங்கள் அமிலத்தில் நிறம் மாறும். அளக்கும்போது எந்த நிறத்தில் இருக்கிறதோ அதைத்தான் கழிக்க வேண்டும். அதற்கும் முன்னால் 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிளாங்க்கை ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். ரீஏஜென்ட் விட்டவுடன் ஒன்று, 5 நிமிடம் கழித்து ஒன்று எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டாவது கூடியிருந்தால் உள்ளே வேறு யாரோ வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் அது தயோசல்பேட். குளோரினைக் கொல்லப் போடுகிற ஹைப்போ அதுதான், சாயத்தைக் கழுவப் போடுகிற ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட்) சிதைந்தாலும் அது வரும். காலேஜ் லேபில் பீக்கருக்கு அடியில் பேப்பரில் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஹைப்போவில் அமிலம் ஊற்றி, குறி மறைகிற நேரத்தைக் குறித்தது ஞாபகம் இருக்கிறதா? அதே கந்தகப் பால்தான் இங்கேயும் மெல்ல மெல்லத் திரள்கிறது. பேரியம் இல்லாமலே கலங்கல் வந்தால், அந்தச் சாம்பிளுக்கு இந்த முறை ஆகாது. கழித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அது நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஹைட்ரோஸ் விட்டுப்போகிற இன்னொரு தலைவலி சல்பைட். காற்று பட்டால் அது சல்பேட்டாக மாறிவிடும். காலையில் எடுத்த சாம்பிளை மூடி திறந்து மூடி மூன்று நாள் கழித்து ஓட்டினால் சல்பேட் கூடியிருக்கும், அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அயன் குரோமட்டோகிராபியிலும் சல்பைட் சல்பேட்டுக்கு வெகு அருகில் வந்து ஒட்டிக்கொள்ளும், கருவி விலை உயர்ந்தது என்பதால் அது தெய்வம் ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே பாருங்கள். அதிகமாக இருந்தால் ஃபார்மால்டிஹைடு சேர்த்து சல்பைட்டைக் கட்டிப் போடலாம்.

சோடியம் சிலிக்கேட் இன்னொன்று. பெராக்சைடு வெளுப்பில் போடுவார்கள். சிலிக்கா 500ஐத் தாண்டினால் இந்த முறையில் குறுக்கிடும். கிணற்றுத் தண்ணீரில் அந்த அளவு வராது, கழிவுத் தொட்டியில் வரலாம்.

கடைசியாக, எண்ணைக் கூட்டாமல் குறைக்கிற ஒருவர்: ஆர்ஓ கழிவுநீரில் இருக்கிற ஆன்டிஸ்கேலன்ட். பேரியம் சல்பேட் மாதிரி செதில்கள் மெம்பிரேனில் படியாமல் தடுப்பதுதான் அதன் தொழில். அதை வைத்துக்கொண்டு நாம் பேரியம் சல்பேட்டை வரவழைக்கப் பார்க்கிறோம்! துகள்கள் தாமதமாகும், சிறுக்கும், ரீடிங் குறையும். நன்றாக நீர்த்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இத்தனை பேரில் யார் இருக்கிறார் என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டாம். எளிதான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீரில் 10 மி.லி. எடுத்து 100 ஆக்கி ஒன்று, 5 மி.லி. எடுத்து 100 ஆக்கி ஒன்று ஓட்டுங்கள். முதலாவது 30க்குப் பக்கத்திலும் இரண்டாவது 15க்குப் பக்கத்திலும் வர வேண்டும். பத்தாலும் இருபதாலும் பெருக்கினால் இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும். குறுக்கீடு இருந்தால் நீர்க்க நீர்க்க அதன் பிடி தளரும், இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. அப்புறம் இன்னொரு ஃபிளாஸ்க்கில் 5 மி.லி. சாம்பிளோடு, லிட்டருக்கு 1,000 மி.கி. சல்பேட் உள்ள ஸ்டாண்டர்டு 1 மி.லி. சேர்த்து 100 ஆக்குங்கள். நீங்கள் போட்டது 10, ரீடிங் 15லிருந்து 25க்குப் போக வேண்டும். 9 முதல் 11 வரை திரும்பக் கிடைத்தால் நான் திருப்தியடைவேன். 7தான் கிடைத்தது என்றால் எதுவோ அமுக்குகிறது. ஸ்டாண்டர்டு செய்ய லிட்டருக்கு 1.479 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட், உலர்த்திய பிறகு எடை போட்டது. நம்மூர் ஈரக்காற்றில் மூடி திறந்து கிடந்த உப்பை அப்படியே எடை போட்டால் அதில் பாதி தண்ணீரின் எடையாகக்கூட இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அயனிச் சமநிலை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் தண்ணீரில் எதிரயனிகள் மொத்தம் 68 மில்லி ஈக்விவலன்ட் வரும், அதில் 52 குளோரைடு மட்டுமே. 281க்கும் 405க்கும் உள்ள வித்தியாசம் 2.6தான். சமநிலையில் 5 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறோம், இந்த 2.6 அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பாட்டிலையும் கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடிநீர் சாம்பிள் ஒன்றில் சல்பேட் 3,500க்குப் பக்கத்தில் வந்தது. நான்கு தடவை ஓட்டினேன், அச்சுப்பிசகாமல் அதே எண். பெருமையாகக்கூட இருந்தது. பெரியவர் ஒருவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) சோதனைக்காக லிட்டருக்கு 2 மி.லி. அடர் சல்ஃபியூரிக் அமிலம் விட்டுப் பதப்படுத்திய பாட்டில் அது. அந்த 2 மி.லி.யே கிட்டத்தட்ட 3,400 சல்பேட். குரோமிக் அமிலத்தில் கழுவி அரைகுறையாக அலசிய ஃபிளாஸ்க்கும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும். இதற்கு நேர் எதிரும் உண்டு: பொங்கல் லீவில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே மறந்துபோன ஒரு கழிவுநீர்ச் சாம்பிள். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம், சல்பேட்டும் கணிசமாகக் குறைந்திருந்தது. பாக்டீரியா அதைச் சல்பைடாக்கிவிட்டது. 4 டிகிரியில் வைத்தால் 28 நாள் வரை தாங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிணற்றுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எடை முறைக்குப் போங்கள். பழைய முறை, ஒன்றரை நாள் வேலை, ஆனால் இரண்டு லேபுக்கு நடுவில் சண்டை வந்தால் நான் நம்புவது அதைத்தான். 200 மி.லி. வடிகட்டிய சாம்பிளை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வையுங்கள். கார்பன் டை ஆக்சைடும், சல்பைட் இருந்தால் சல்பர் டை ஆக்சைடும் அப்போதே போய்விடும். கொதிநிலையில் சூடான பேரியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் விழுகிற படிகம் நைட்ரேட்டையும் சோடியத்தையும் மடியில் கட்டிக்கொண்டு விழும், எடை தப்பும். 80, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் பீக்கரின் அடியில் நல்ல கனமான வெள்ளை மணல் மாதிரி உட்கார்ந்திருக்கும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். சாம்பலற்ற வடிதாளில் வடிகட்டி, வெந்நீரால் கழுவுங்கள். உங்கள் சில்வர் நைட்ரேட்டுக்கு இங்கேதான் வேலை: கழுவிய நீரில் ஒரு சொட்டு விட்டால் கலங்கக் கூடாது. தாளைத் தீப்பிடிக்க விடாமல் மெதுவாகக் கருக்கி, 800 டிகிரியில் எரித்து, டெசிகேட்டரில் ஆறவைத்து எடை போடுங்கள். தீப்பிடித்தால் கரி, சல்பேட்டைக் கொஞ்சம் சல்பைடாக்கிவிடும், எடை குறையும். வீழ்படிவு பழுப்பாக இருந்தால் இரும்பு கூட வந்திருக்கிறது, அதை முதலிலேயே நீக்கிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். எடையை 0.4116ஆல் பெருக்கினால் சல்பேட். 298 உண்மை என்றால் உங்கள் குரூசிபிளில் 145 மி.கி. இருக்க வேண்டும்.

பேரியம் குளோரைடு விஷம், வாயால் பிப்பெட் உறிஞ்சுகிற பழக்கம் யாருக்காவது இன்னும் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். எக்ஸ்ரேக்கு முன்னால் குடிக்கக் கொடுக்கிறார்களே என்றால், அது பேரியம் சல்பேட், கரையாது.

அப்புறம் அந்த 400. என்ஜினியர் சொன்னது கட்டுமானத் தண்ணீருக்கான ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலையின் எண்ணாகத்தான் இருக்கும். அந்த 400 எஸ்ஓ3 (சல்பர் ட்ரை ஆக்சைடு) கணக்கில். நீங்களும் அந்த இன்னொரு லேபும் கொடுப்பது எஸ்ஓ4 (சல்பேட்) கணக்கில். மாற்றினால் 400 எஸ்ஓ3 என்பது 480 எஸ்ஓ4. ஆக உங்கள் மோசமான நாளின் 405கூட எல்லைக்குள்தான் இருக்கிறது! குடிநீருக்கான ஐஎஸ் 10500இல் வருகிற 200, 400 மட்டும்தான் நேரடியாகச் சல்பேட்டாக எழுதியது. இனிமேல் ரிப்போர்ட்டில் "சல்பேட்" என்று மொட்டையாக விடாமல் "எஸ்ஓ4 ஆக" என்று சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் கிணற்றுக்காரர் வீடு கட்டலாம் என்று கிளம்பிவிடப் போகிறார். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அதே ஐஎஸ் 456இல் குளோரைடு எல்லை 500. அவருடைய கிணற்றில் 1,850. மூன்று நாள் சல்பேட்டோடு மல்லுக்கட்டியதில் யாரும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதைச் சொல்லி ஒரு டேங்கர் லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள், சிமென்ட் மூட்டை இறங்குவதற்கு முன்னால்.